மறு: பனிக்கலப்பைக் காலணி வேணாம், லாடம்னு வைப்போமா?

எல்லாருக்கும் வணக்கம். இழைய ஆரம்பிச்சு வெச்சிட்டு நானே காணாம போயிட்டேன், மன்னிக்கணும், நாலு நாளா மழை, நெட்டும் இல்ல கரண்டும் இல்ல.

புதுசா வந்தவங்களுக்காக மறுபடி சொல்லிடறேன், ஸ்னோ தள்ளற பலகைக்கு அடியில மாட்டற ஷூவுக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னுதான் இந்த இழை. என் மச்சான் கனடாவுல ஒண்டாரியோ பக்கம் ஒரு கிராமத்துல வீடு வாங்கியிருக்கார், ரோட்லேர்ந்து வீட்டு வாசல் வரைக்கும் சரளைக்கல் கொட்டின பாதை, ஸ்னோ கொட்டினா பிக்கப் வண்டிக்கு முன்னாடி அகலமா ஒரு இரும்புப் பலகைய மாட்டி தள்ளிக்கிட்டே போறாங்க. தார் ரோடுன்னா பலகை வாய், அதாவது அதோட கீழ் ஓரம், தரையை உரசிட்டே போகலாம். சரளையில அப்படி விட்டா ஸ்னோவோட கல்லும் சேந்து புல்தரைக்குப் போயிடும், தரை இறுகி உறையறதுக்கு முந்தி, சீசன் ஆரம்பத்துல இது ரொம்ப மோசமாம். அப்புறம் பனி உருகினதும் மண்வாரிய வெச்சிக்கிட்டு அத்தனை கல்லையும் பாதைக்கே திரும்ப இழுக்கணும், மொத வருஷம் மச்சானும் தங்கச்சியும் ரெண்டு ஞாயித்துக்கிழமை அதையேதான் செஞ்சிருக்காங்க. இதுக்காகத்தான் பலகையோட ரெண்டு பக்கத்துலயும் பின்னாடி ஒரு இரும்புப் பாதம் மாட்டறது, அது தரையில ஊர்ந்து போகும், பலகை வாய் அரை இஞ்சுலேர்ந்து ஒரு இஞ்சு வரைக்கும் மேல நிக்கும். இங்கிலீஷ்ல ஸ்னோ ப்ளௌ ஷூ, ப்ளௌன்னா கலப்பை. இதுக்குத்தான் தமிழ்ல பேர் கேட்டேன்.

> பனிக்கலப்பைக் காலணி

ஐயா, மன்னிக்கணும், இது சொல்லுக்குச் சொல் போட்டது. கலப்பைன்னா மண்ணைக் கிழிக்கிறது, கொழு உள்ள எறங்கினாத்தான் உழவு. இங்க பிரச்சினையே வாய் மண்ணுல எறங்கக் கூடாதுங்கறது தான! நம்ம வயல்ல இதுக்கு சொந்தக்காரன் யாருன்னு பாத்தா கலப்பை இல்ல, பரம்புப் பலகை, அதுதான் சேத்து மேல ஊர்ந்து போகும். ஆனா பரம்பு சமன் பண்ணும், ஒதுக்காது, அதனால அதையும் அப்படியே எடுத்துக்க மனசு வரல. காலணிய பத்தி என்ன சொல்ல, எங்க வீட்ல படிச்சிக் காட்டினேன், “பாட்டாவுல கிடைக்குமா”ன்னாங்க.

> வழிபலகை

இது ஷூவுக்கு இல்ல, அந்தப் பலகைக்கு. மாவு வழிக்கிற மாதிரி பனிய வழிக்கிறதுன்னு நீங்க யோசிச்சது அழகுதான், நான் கூட ஒரு நாள் முழுக்க இதுலதான் நின்னேன். ஆனா ஒரு ப் விழுந்துச்சுன்னா வழிப்பலகை ஆயிடும், ரோட்டோரத்துல திண்டிவனம் 40 கி.மீ.ன்னு போட்டிருக்கறது ஞாபகம் வருது. தள்ளுவண்டி இருக்கில்ல, அதே கணக்குல தள்ளுபலகைன்னு வைக்கலாம். பனித் தள்ளுபலகை. வினைத்தொகை, நடுவுல ஒத்து கெடையாது, தப்பா எழுத வழியே இல்ல.

ஷூவுக்குப் புதுச்சேரி அண்ணன் சொன்ன சறுக்குத்தாங்கி நல்லாத்தான் இருக்கு, ஆனா தாங்கிய நாம ஏற்கனவே பேரிங்குக்குக் குடுத்துட்டோமே.

என் ஓட்டு லாடத்துக்கு. சின்ன வயசுல எங்க ஊர் சந்தையில மாட்டக் கயித்தால கட்டி சாய்ச்சுப் போட்டு லாடம் அடிப்பாங்க, மாட்டுக் குளம்பு பிளந்திருக்கும் இல்லியா, அதனால காலுக்கு ரெண்டு, மொத்தம் எட்டு துண்டு, அடிக்கிறவர் ஆணிய வாயில கவ்விக்கிட்டே பேசுவார், ஒண்ணும் புரியாது. குளம்பு தேயக் கூடாதுன்னு இரும்பு தேயுது, தேஞ்சதும் வேற போடறோம். இந்த ஷூவோட வேலையும் இதேதான். அதோட லாடம்ங்கற சொல் மாட்டோட நிக்கல, போலீஸ்காரங்க பூட்ஸுக்கு அடியில இருக்கறதையும் லாடம்னுதான் சொல்றோம், ஆக ஒரு தடவை இடம் மாறின சொல்தான், இன்னொரு தடவை மாறட்டும்.

ஆணி அடிச்சாத்தானே லாடம்னு ஒருத்தர் கேட்டிருந்தார். நியாயம்தான், இதுக்கு ஆணி கெடையாது. மச்சான் செஞ்சத சொல்றேன்: தடிமனான இரும்புத் தகடு, முன்பக்கம் வள்ளத்தோட அணியம், அதாவது படகு மூக்கு மாதிரி கொஞ்சம் மேல வளைச்சிருக்கு, இல்லன்னா கல்லுல குத்திக்கும், அது நடுவுல ஒரு கம்பிய நிமிர்த்தி வெச்சு வெல்டிங், அந்தக் கம்பி பலகைக்குப் பின்னாடி இருக்கற ஓட்டையில ஏறும், மேல ஒரு பின். ஒசரத்துக்கு வாஷர். ஓட்டைக்குக் கீழ வாஷர் சேத்தா லாடம் எறங்கும், பலகை ஏறும், அங்கேர்ந்து எடுத்து மேல மாட்டிட்டா பலகை எறங்கிடும். ரெண்டு பக்கமும் எண்ணிக்கை ஒண்ணா இருக்கணும், மச்சான் ஒரு பக்கம் ரெண்டு கம்மியா போட்டு ஒரு ஓரத்துல கல்ல வாரிட்டார்.

கடலூர் துறைமுகத்துல இழுவை வலைக்கு ரெண்டு பக்கமும் பலகை கட்டுவாங்க, கடல் தரையில உரசிப் போறதால அடியில இரும்பு போட்டிருக்கும். அதுக்கு ஏதாவது பேர் இருந்தா அப்படியே எடுத்துக்கலாம்னு அங்க இருந்த ஒருத்தர்கிட்ட ஆசையா போய்க் கேட்டேன். “பேரா? இரும்பு போட்டிருக்கு தம்பி, அவ்ளோதான்”னுட்டார்.

நமக்கு ஸ்னோவே கெடையாது, எதுக்கு இவ்ளோ பேச்சுன்னு கேட்டவருக்கு: 2011 டிசம்பர் 30, ‘தானே’ புயல் போனப்புறம் எங்க தெருவுல விழுந்ததையெல்லாம் ஒதுக்க வந்த ஜேசிபி, கெளைய வழிக்கிறேன்னு போட்டிருந்த கிராவலயும் சேத்து வழிச்சிட்டுப் போச்சு, அடுத்த மழைக்கு வாசல்ல முழங்கால் பள்ளம். தள்ளுற வேலை எங்க இருந்தாலும் இந்த சங்கடம் இருக்கு.

ஒண்ணு மட்டும் எனக்கு முடிவாகல. இரும்புக் குழாய நீளவாக்குல ஒரு கீறு கீறி பலகை வாய் மேலயே சொருகி போல்ட் போடறாங்க, வாய் உருண்டையா ஆயிடும், சரளை மேல வழுக்கிட்டுப் போகும், வீட்லயே செய்ய இதுதான் சுலபமாம். இது லாடம் ஆகாது, உறை. வாயுறைன்னா திருக்குறளோட இன்னொரு பேரான வாயுறை வாழ்த்து ஞாபகம் வந்து புலவர் ஐயா சண்டைக்கு வருவார். குழாயுறைன்னா குழாய்க்கு மேல போடற உறைன்னு ஆயிடும். இதுக்கு மட்டும் யாராவது சொல்லுங்க.

வாஷருக்குத் தமிழ்ல என்னன்னு தயவுசெஞ்சு இந்த இழையில யாரும் ஆரம்பிக்காதீங்க.