பூமலையில் பார்த்த இலைக்கதிர்க்குருவி எது?

வணக்கம். பூமலையில் (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா) இன்று காலை மர உச்சியில் ஓர் இலைக்கதிர்க்குருவி இலையிலைக்குத் தாவிப் பூச்சி பொறுக்கியது. ஒரு நொடி நின்றால்தானே! படமெல்லாம் வாலும் இலையும்தான். முதுகு பச்சை, கண்ணுக்கு மேல் வெளிறிய நீண்ட புருவக்கோடு. ஆர்க்டிக் கதிர்க்குருவியா, கிழக்கத்திய மகுடக் கதிர்க்குருவியா?

மகுடக் கதிர்க்குருவிக்கு உச்சந்தலை நடுவே வெளிர்கோடும் வாலடியில் மஞ்சளும் உண்டு. அண்ணாந்து பார்ப்பவனுக்கு உச்சந்தலை எங்கே தெரியும்? வாலடி வெள்ளையாகப் பட்டது. ஆனால் நிழலில் வெளிர்மஞ்சளும் வெள்ளையாகத் தெரியலாம், அதை நம்ப முடியாது. கீழலகின் நுனி மட்டும் கறுத்திருந்தது. ‘ட்ஸிக்’ என்று ஒருமுறை வெடுக்கெனக் கத்தியது.

10 கிராம் உடம்போடு சைபீரியக் காடுகளிலிருந்து வரும் பறவை என்று ஆசையாக நினைக்கிறேன். அலகையும் குரலையும் வைத்தே ஆர்க்டிக் என்று குறித்துக்கொள்ளலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள், மங்கலான படங்களைக் கீழே இணைத்திருக்கிறேன்.