அனுப்புறதுக்குக் காசா, வர்றதுக்குக் காசா? – பிரஸ் ரிலீஸ் புரபோசல் எழுதி வாங்கிக் கட்டிக்கிட்ட கதை

செக்காலை ரோட்டுக்காரன்:

நம்ம பக்கம் விளம்பர வேலை பாக்குறவுக யாராச்சும் பிரஸ் ரிலீஸ் (பேப்பருக்கு நாமளே எழுதி அனுப்புற செய்திக் குறிப்பு) அனுப்பிக் குடுக்குற வேலைக்கு, இன்னது செய்வோம் இவ்வளவு ஆகும்னு புரபோசல் எழுதி மாட்டியிருந்தா சொல்லுங்க, முதல்ல நான் மாட்டுனதைச் சொல்லிடுறேன். பள்ளத்தூர்ல ஒரு பெரியவர், பூர்வீக வீட்டை 9 ரூம் போட்டுத் தங்குற எடமா மாத்தியிருக்காக, பின்கட்டுல ரெண்டு ஆச்சிமாரு உக்காந்து வர்ற விருந்தாளிகளுக்கு ஓலைக்கொட்டான் முடையச் சொல்லிக் குடுப்பாகளாம். இது மெட்ராஸ் பேப்பர்லயும் வரணும், வெளிநாட்டுலேர்ந்து வர்றவன் கண்ணுலயும் படணும், என்ன ஆகும்னு எழுதிக் கொண்டாங்க தம்பின்னாக.

நான் ராவோட ராவா உக்காந்து பழைய டெம்ப்ளேட் ஒண்ணை எடுத்து, எங்க கம்பெனி, எங்க நோக்கம், எங்க அணுகுமுறைன்னு 14 பக்கம் அடிச்சு, கலர் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங்கெல்லாம் பண்ணிக் கொண்டுபோய்க் குடுத்தேன். முகப்புத் திண்ணையில உக்காந்திருந்தாக, காதுல பென்சில். முதல் 11 பக்கத்தை சீட்டுக் கலைக்கிற மாதிரி சரசரன்னு தள்ளிட்டு நேரா ரேட் போட்ட பக்கத்துக்கு வந்து நின்னாக. அதுல நான் "250க்கும் மேற்பட்ட ஊடகங்களில் உறுதியான வெளியீடு"ன்னு எழுதியிருந்தேன். "உறுதியான"ங்கிற வார்த்தையச் சுத்தி ஒரு வட்டம் போட்டுட்டு கேட்டாக, "தம்பி, இது அனுப்புறதுக்குக் காசா, வர்றதுக்குக் காசா?"

எனக்கு வாய் வரல.

"எங்க கல்யாணத்துல இசைகுடிமானம் எழுதுவோம். ரெண்டு வீடும் ஒத்துக்கிட்டதை எழுதிக் கையெழுத்துப் போடுறது. அதுல 'சிறப்பா செய்வோம்'னு எழுதுனா எவன் கையெழுத்துப் போடுவான்? என்னத்தச் செய்றீக, அதை எழுதுங்க"ன்னு பைண்டிங்கோட திருப்பிக் குடுத்துட்டாக.

பஸ்ல வர்றப்பதான் உறைச்சுது, நானே ரெண்டு வேலையப் போட்டுக் குழப்பியிருக்கேன். ஒண்ணு, வயர் சர்வீஸ் வழியா, அதாவது ரிலீசை மொத்தமா பல தளங்களுக்குத் தள்ளிவிடுற கம்பெனி வழியா அனுப்புறது. காசு கட்டுனா அவங்களோட ஒப்பந்தம் இருக்க தளங்கள்ல நம்ம ரிலீஸ் அப்படியே ஏறும், பல தளங்கள்ல முதல் பக்கத்துல வராது, தனியா ஒரு மூலையில கெடக்கும், லிங்க் இருந்தாத்தான் கண்டுபிடிக்கவே முடியும், சிலதுல "இது விளம்பரதாரர் தந்தது, ஆசிரியர் குழுவுக்குப் பொறுப்பில்லை"ன்னு கீழ ஒரு வரியும் இருக்கும். அந்த 250ங்கிறது இந்தக் கணக்குதான். இன்னொண்ணு, நிருபர்களுக்கும், பேப்பர் ஆபீஸ்ல செய்தியத் திருத்திப் போடுற டெஸ்க்குக்கும் பேர் பாத்து அனுப்பி, போன் போட்டுப் பேசி, அவங்களா எழுத வைக்க முயற்சி பண்றது. இதுல வரும்னு எந்தக் கொம்பனாலயும் எழுதிக் குடுக்க முடியாது. வர்ற மாதிரி இருக்க முதல் வேலையோட நம்பரைக் காட்டி, வருமா வராதாங்கிற ரெண்டாவது வேலைய நான் வித்துக்கிட்டு இருந்திருக்கேன். எத்தனை பேருக்கு இப்படி எழுதிக் குடுத்திருப்பேனோ.

மறுபடி எழுதுனது 3 பக்கம். நடுவுல ஒரு கோடு, இடது பக்கம் நாங்க செய்றது, வலது பக்கம் எங்க கையில இல்லாதது. ரேட்டையும் பிரிச்சிட்டேன், எழுதுறதுக்கு இவ்வளவு, இங்கிலீஷ்ல மாத்துறதுக்கு இவ்வளவு, வயர் கட்டணம் அவங்க பில்லுல உள்ளபடி, எங்க கூலி தனி, 18 சதவீத ஜிஎஸ்டி தனி வரி. வயர்காரங்க நிறையப் பேர் முதல் 400 வார்த்தைக்கு ஒரு ரேட்டு, அதுக்கு மேல ஒவ்வொரு 100க்கும் இவ்வளவுன்னு போடுவாங்க, இதுல நம்ம ஆளுங்க மறக்குறது என்னன்னா தமிழ்ல 250 வார்த்தை இருக்குறது இங்கிலீஷ்ல போனா உப்பிரும். "வரவிருக்கிறவர்களுக்கு"ங்கிறது நமக்கு ஒரு வார்த்தை, அங்க நாலஞ்சு. எனக்கு 430ல போய் நின்னுச்சு, முன்னாடியே எண்ணியிருந்தா அந்த 30ஐ வெட்டியிருப்பேன்.

தேவகோட்டை ரஸ்தா:

அண்ணே என் கதை வேற. ஒரு மசாலாக் கம்பெனிக்குப் பண்ணோம், ரிலீஸ்ல கடைசியா கம்பெனியப் பத்தி ஒரு பத்தி வருமே, அதுல போன் நம்பர் ஒரு இலக்கம் தப்பு. வயர்ல போயிருச்சு. மெயின் காப்பிய அவங்க திருத்திட்டாங்க, ஏற்கனவே எடுத்துப் போட்ட தளங்கள்ல அப்படியே கெடக்கு, இன்னிக்கும் கெடக்கு. யாரோ ஒரு அம்மாவுக்கு ரெண்டு வாரமா சாம்பார்ப் பொடி இருக்கான்னு போன். பாவம், திட்டாமப் பேசுனாங்க. தப்பு யாரோடதுன்னு பாத்தா கிளையன்ட் வாட்ஸ்அப்ல "ஓகே"ன்னு ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டிருக்கார், எந்த டிராஃப்டுக்கு ஓகேன்னு அவருக்கும் தெரியல எங்களுக்கும் தெரியல. அதுக்கப்புறம் புரபோசல்லயே எழுதிடுறேன், கடைசிக் காப்பிய பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து, நம்பர், விலாசம், பேர் மூணையும் அவங்களே டிக் பண்ணணும், ரெண்டு தடவைக்கு மேல திருத்தம்னா தனிக் காசு, போனது போனதுதான் திரும்ப எடுக்க முடியாது.

பழைய நிருபர்:

நான் அந்தப் பக்கம் உக்காந்து 20 வருஷம் பகுதிநேர நிருபரா இருந்தவன், எங்களுக்கு வர்றது எப்படி இருக்கும்னு சொன்னா உங்களுக்கு உதவும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அனுப்பிட்டு நாளைக்கு வந்துருமான்னு கேப்பாங்க, மாவட்டப் பக்கம் அதுக்குள்ள முடிஞ்சிருக்கும். பழைய ஃபான்ட்ல அடிச்சு அனுப்புவாங்க, எங்க மெஷின்ல தொறந்தா முட்டை முட்டையா வரும், யூனிகோட்ல அனுப்புங்க. போட்டோவை வேர்டு ஃபைலுக்குள்ள ஒட்டாதீங்க, தனியா அனுப்பி இடமிருந்து வலம் பேர் குடுங்க. முதல் வரியில "பாரம்பரியமும் நவீனமும் கைகோர்க்கும்"னு வந்தா நான் அதுக்கு மேல படிச்சதே இல்ல. ரெண்டு ஆச்சி கொட்டான் முடையுறாகன்னு முதல் வரியில இருந்தா நானே வண்டிய எடுத்துக்கிட்டு வந்திருப்பேன்.

இன்னொண்ணு, நம்ம ஊர் ரிலீஸ்ல பாதிக்குப் பாதி "யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற செட்டிநாடு"ன்னு வரும். 2014ல உத்தேசப் பட்டியல்ல சேத்திருக்கு, அவ்வளவுதான், உலகப் பாரம்பரியச் சின்னமா இன்னும் அறிவிக்கல. டெஸ்க்ல ஒருத்தன் அதைக் கண்டுபிடிச்சா மொத்த ரிலீசும் கூடைக்குப் போயிரும். அப்புறம் ரேட் பட்டியல்ல "இதர ஊடகச் செலவு"ன்னு ஒரு வரி போடாதீங்க தம்பிகளா, அது நிருபருக்குக் காசு வச்சுக் குடுக்குற கவர்னு எல்லாருக்கும் தெரியும். பிரஸ் ரிலீஸ்ல முதல்னு சொல்றதே 1906ல அமெரிக்காவுல ஒரு ரயில் பாலத்துலேர்ந்து விழுந்தப்ப அந்த ரயில் கம்பெனிக்காக ஐவி லீங்கிற மக்கள் தொடர்புக்காரர் எழுதுனதுதான். மறைக்காம இது நடந்துச்சுன்னு எழுதிக் குடுத்ததை பேப்பர்ல அப்படியே போட்டான். கவர் இல்லாமத்தான்.

புதுவயல் பொண்ணு:

அண்ணா ஒரு சந்தேகம், என் கிளையன்ட் 250 தளத்துல லிங்க் வந்தா கூகுள்ல மேல வந்துருவோம்ல, அதையும் புரபோசல்ல எழுதுங்கங்கிறார். எழுதலாமா?

செக்காலை ரோட்டுக்காரன்:

எழுதாதம்மா. காசு குடுத்துப் போட்ட லிங்க்குல நோஃபாலோவோ ஸ்பான்சர்டோ, அதாவது இதை ரேங்க்குக்குக் கணக்குல எடுக்காதேன்னு ஒரு குறி போடணும்னு கூகுளே சொல்லுது, ரிலீஸ்ல "காரைக்குடி ஹோட்டல்"னு வார்த்தைய லிங்க்காக்கி பரப்புறதை அவங்க 2013லயே தப்பான லிங்க் வேலைன்னு விதியில சேத்துட்டாங்க. பேரைத் தேடுறவங்களுக்கு ஒரு நாலு எடத்துல தகவல் கெடைக்கும், அதை மட்டும் எழுது.

நிருபரண்ணே, யுனெஸ்கோ வரி என் டிராஃப்ட்லயும் இருந்துச்சு. பெரியவரே பென்சில்ல அடிச்சுட்டாக, "இன்னும் குடுக்காததை எப்படி வாங்குனதா எழுதுறீக"ன்னு.

அந்த 3 பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டாக. போடுறதுக்கு முன்னாடி கோட்டுக்கு இடது பக்கம் கடைசியில அவுகளே ஒரு வரி எழுதிச் சேத்தாக: "செய்தி வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று நேரில் வந்து சொல்ல வேண்டியது." நானும் போட்டேன். இதுவரைக்கும் ரெண்டு தடவை போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன், ரெண்டு தடவையும் சீயமும் காபியும் குடுத்தாக, மூணாவது தடவை வெள்ளிக்கிழமை போகணும்.