வகுப்புத் தோழர்களின் பிற்காலச் சாதனைகளை மலரில் எப்படிப் பதிவு செய்வது?

அன்னூர்க்காரர் (கேள்வி)

கோவையில் 1985ஆம் ஆண்டு சிவில் பொறியியல் படித்து முடித்த எங்கள் வகுப்பினர் வரும் தை மாதம் ஒன்றுகூட இருக்கிறோம். அதையொட்டி வெளியிடும் மலரில், படிப்புக்குப் பின் ஒவ்வொருவரும் செய்தவற்றைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. வெளிநாட்டிலும் பெரிய நிறுவனங்களிலும் இருந்தவர்கள் படிவத்தை நிறைவாக எழுதி அனுப்பிவிட்டார்கள். ஊரோடு தங்கியவர்கள் பலரும் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

என்னை வருத்துவது ஒருவருடைய வரி. நீர்வளத் துறையிலிருந்த அத்தோழர் "உதவி செயற்பொறியாளர், ஓய்வு" என்று மட்டும் எழுதியிருக்கிறார். காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் செல்லும் உபரி நீரை 6 நீரேற்று நிலையங்களால் மேட்டுக்கு ஏற்றி, மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுசேர்க்கும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. குழாய் செல்லும் வழியை அளப்பதிலும், தோட்டக்காரர்களிடம் பேசிச் சம்மதம் பெறுவதிலும் தம் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளைச் செலவிட்டவர் அவர். அவர் எழுதாததை நான் சேர்த்து எழுதலாமா? எதை அளவாகக் கொள்வது?

பெருந்துறைவாசி

ஐயா, பதவி என்ன என்று படிவத்தில் கேட்டால் பதவிதான் பதிலாக வரும். "நீங்கள் கைவைத்த எந்த வேலை இன்றும் மக்களுக்குப் பயன்படுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள், உங்கள் நீர்வளத் துறைத் தோழருக்கும் எழுத நிறைய இருக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் 1980இல் பட்டம் பெற்று, பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் மேற்படிப்பு முடித்து, 1982இல் இஸ்ரோவில் சேர்ந்தார். அவர் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1 விண்ணில் ஏறியது 2008 அக்டோபர் 22 அன்று; அப்போது அவருக்கு வயது 50. இருபத்தைந்தாம் ஆண்டுச் சந்திப்புக்கு மலர் வெளியிட்டிருந்தால்கூட அவருடைய கல்லூரித் தோழர்களின் பட்டியலில் சந்திரயான் இடம்பெற்றிருக்காது. எனவே நடுவிலிருந்த ஆண்டுகளில் ஒவ்வொருவரும் என்ன வேலை பழகினார்கள் என்பதையும் கேளுங்கள்.

நொய்யல் கரை

தோற்றதையும் எழுத இடம் கொடுங்கள். என்னுடன் வேதியியல் படித்த நண்பர் திருப்பூரில் சாயப்பட்டறை நடத்தினார். சாயக்கழிவு நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணை வரை பாழானதையும், அதன்கீழ் நிலங்களில் பண்ணையம் நின்றுபோனதையும் இங்குள்ளவர்கள் அறிவார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது அவருடைய பட்டறையும் நின்றது, கடன் மிஞ்சியது.

அதன்பின் அவர் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். ஆர்.ஓ. வழியாக நல்ல நீரைப் பிரித்து, எஞ்சிய உப்புநீரை ஆவியாக்கிகளில் காய்ச்சி, மீட்ட நீரையும் உப்பையும் மீண்டும் சாயமேற்றவே அனுப்பும் முறையை இரவு பகலாக நின்று ஓட்டப் பழகினார். சொட்டுக் கழிவும் ஆற்றுக்குப் போகக் கூடாது என்பதே அங்கே விதி. எங்கள் வகுப்பில் மிகப் பெரிய காரியம் செய்தவர் அவரே என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் எங்கள் சந்திப்பில் அவர் இன்றும் "பட்டறையை விட்டவர்" என்றே அறிமுகப்படுத்தப்படுகிறார்.

கோபி ஆசிரியை

அண்ணா, பெண்களின் படிவங்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். கணிதத்தில் எங்கள் வகுப்பின் முதல் மாணவி திருமணத்துக்குப் பின் வேலைக்கு அனுப்பப்படவில்லை. பிள்ளைகள் வளர்ந்த பிறகே பி.எட். முடித்துக் கிராமப் பள்ளியில் கணிதம் எடுத்தார். அந்த இடைவெளியை மறைக்காமல் எழுத வேண்டும். ஆனால் அவரவர் அனுமதி இல்லாமல் எழுதக் கூடாது.

அன்னூர்க்காரர்

அனைவருக்கும் நன்றி. பதவிக்கான கட்டத்தை நீக்கிவிட்டு, பெருந்துறை நண்பர் சொன்ன கேள்வியுடன் புதிய படிவத்தை நாளை அனுப்புகிறேன். நீர்வளத் துறைத் தோழரை நேரில் பார்த்து, குழாய்ப் பாதை வேலையை அவர் வாயால் கேட்டு எழுதி, அவரிடமே படித்துக் காட்டிய பிறகு அச்சுக்குக் கொடுப்பேன்.