கால்களில் குறையில்லை, களத்தில்தான் குறை

பெரியப்பா, மாலை 6:12
தம்பி, அமெரிக்கச் சைக்கிள் வீரர்கள் இப்போது ஐரோப்பியர்களுக்கு எந்த வகையிலும் சளைத்தவர்கள் இல்லை என்று காலையில் எழுதியிருந்தாய். அதை நான் அப்படியே ஏற்கத் தயாராக இல்லை. பிரான்சின் பெரும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸின் பதிவேட்டில் பட்டம் வென்றவராக இன்று நிற்கும் அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் ஒருவர்தான். அவர் வென்ற ஆண்டுகள் 1986, 1989, 1990. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை வென்ற ஏழு பட்டங்களும் 2012இல் பறிக்கப்பட்டன. 2006இல் முதலாவதாக வந்த ஃபிளாய்ட் லாண்டிஸும் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிப் பட்டத்தை இழந்தார். இவ்வளவு நீண்ட இடைவெளியை வைத்துக்கொண்டு சமம் என்று எப்படிச் சொல்கிறாய்?

நான், மாலை 6:20
பெரியப்பா, நீங்கள் சொல்வது ஆண்கள் பந்தயத்துக்கு மட்டுமே பொருந்தும். 1984இல் முதன்முறையாக நடந்த பெண்கள் டூர் டி பிரான்ஸை வென்றவர் மேரியான் மார்ட்டின் என்ற அமெரிக்கர். லெமாண்டின் முதல் வெற்றிக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அது நடந்துவிட்டது.

பெரியப்பா, மாலை 6:24
நல்லது அம்மா, அதை நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆண்களைப் பற்றிய என் கேள்வி அப்படியே இருக்கிறது.

அண்ணன், மாலை 6:41
பெரியப்பா, டூர் டி பிரான்ஸ் ஒன்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இத்தாலியர்களும் பெல்ஜியர்களும்கூட இப்போதைய கணக்கில் தேறமாட்டார்கள். செப் கஸ் கொலராடோவின் டுராங்கோ ஊரைச் சேர்ந்தவர். 2023இல் அவர் இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் மூன்று நாட்டு நெடும் பந்தயங்களிலும் ஓட்டினார். ஒவ்வொன்றும் மூன்று வாரம். இத்தாலியில் தம் அணித்தோழர் பிரிமோஸ் ரோக்லிச்சுக்காகவும் பிரான்சில் மற்றோர் அணித்தோழர் யோனாஸ் விங்கெகோருக்காகவும் மலைகளில் உழைத்து, அந்த இருவரும் வெல்லத் துணைநின்றார். அதன் பிறகு ஸ்பெயினில் விங்கெகோரை 17 வினாடி வித்தியாசத்தில் இரண்டாமிடத்துக்கும் ரோக்லிச்சை மூன்றாமிடத்துக்கும் தள்ளித் தானே பட்டம் வென்றார். ஐடஹோவிலிருந்து வந்த மட்டேயோ ஜார்கன்சன் 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் ஒருவாரப் பந்தயமான பாரிஸ்-நீஸை வென்றிருக்கிறார். 2025 வசந்த காலத்தில் பெல்ஜியத்தில் நடந்த ட்வார்ஸ் டோர் ஃபிளாண்டெரன் பந்தயத்தில், ஒரே அணியைச் சேர்ந்த மூன்று பேரோடு தனியாளாக முன்னணியில் இருந்த நீல்சன் பவுலெஸ், கடைசி ஓட்டத்தில் அந்த அணியின் பெல்ஜிய வீரர் வவுட் வான் ஆர்ட்டை முந்தி வென்றார். அந்த மூவரில் ஒருவர் ஜார்கன்சன் என்பதையும் கவனியுங்கள்: பெல்ஜியச் சாலையில் இறுதி வரை தாக்குப்பிடித்த நால்வரில் இருவர் அமெரிக்கர்கள்.

அத்தை, மாலை 7:05
அந்தப் பந்தயத்தை நான் இங்கே பெல்ஜியத்தின் கெண்டில் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். இங்குள்ளவர்கள் வான் ஆர்ட் தோற்றதைப் பல நாள் பேசினார்கள். ஆனால், தம்பி, நீ சொன்ன வீரர்கள் அனைவரும் எங்கே தொழில் கற்றார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லெமாண்ட் தம் சிறந்த ஆண்டுகளில் இங்கே கோர்ட்ரெய்க்கில் குடியிருந்தார். பின்னால் வந்தவர்களுக்கு ஸ்பெயினின் ஜிரோனா ஊர் இரண்டாவது தாயகம்போல ஆகிவிட்டது. அமெரிக்கச் சைக்கிள் சங்கமே பல ஆண்டுகளாகத் தன் இளைஞர்களை இசெகெம் என்ற சிறிய பெல்ஜிய ஊரில் ஒரு வீட்டில் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தது. இங்கே கோடைக்காலம் முழுவதும் ஊர்த் திருவிழாவோடு சேர்த்து ஒரு சைக்கிள் பந்தயமும் நடக்கும். பத்தொன்பது வயதுப் பையன் வாரம் இருமுறை அவற்றில் ஓட்டினால், ஒரு கார் மட்டுமே போகக்கூடிய பாதையில் நூறு பேருக்கு நடுவே இடம்பிடிப்பதையும், பக்கக் காற்று அடிக்கும்போது யாருடைய மறைவில் போக வேண்டும் என்பதையும் உடம்பாலேயே கற்றுக்கொள்கிறான். இந்தக் கல்வி அமெரிக்காவில் கிடைக்காததால்தான் அவர்கள் கடல் தாண்டி வருகிறார்கள்.

பெரியப்பா, மாலை 7:18
தங்கச்சி சொல்வதுதான் என் மனத்திலும் இருக்கிறது. இருந்தாலும், அமெரிக்கர்களின் மனத்திடத்தைப் பற்றி எனக்கு எந்த ஐயமும் இருந்ததில்லை. 1988 ஜூன் 5 அன்று இத்தாலியச் சுற்றுப்பந்தயத்தின் நடுவே காவியா என்ற மலைக் கணவாயில் பனி கொட்டியபோது, பெரிய பெயர் பெற்ற ஐரோப்பிய வீரர்கள் பலர் குளிரில் விறைத்து நிலைகுலைந்தார்கள். அமெரிக்கர் ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் செவன்-இலெவன் அணியினர் முன்கூட்டியே பனிச்சறுக்குக் கடைகளில் கையுறைகளும் தடித்த உடைகளும் வாங்கி வைத்திருந்தார்கள். அவர் அன்றைய கட்டத்தில் டச்சுக்காரர் எரிக் பிரோய்கிங்கிற்கு அடுத்து இரண்டாவதாக வந்து, முதலிடத்துக்கான இளஞ்சிவப்புச் சட்டையை அணிந்தார். இறுதிவரை அதை விட்டுக்கொடுக்கவில்லை. இத்தாலியச் சுற்றுப்பந்தயத்தை ஐரோப்பியர் அல்லாத ஒருவர் வென்றது அதுவே முதல்முறை. அந்தத் தலைமுறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

நான், மாலை 7:26
அப்படியானால் அமெரிக்காவிலேயே பெரிய பந்தயங்களை நடத்தியிருக்கலாமே. அண்ணா, கலிஃபோர்னியாவில் ஒன்று நடந்ததாகச் சொன்னீர்களே, அது என்னவாயிற்று?

அண்ணன், மாலை 7:52
அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். கலிஃபோர்னியச் சுற்றுப்பந்தயம் 2006இல் தொடங்கி 2019 வரை நடந்தது. கடைசி மூன்று ஆண்டுகள் உலகின் மிக உயர்ந்த தரவரிசையிலும் இருந்தது. வென்றவர்களின் பெயர்களைப் பாருங்கள்: 2014இல் பிராட்லி விக்கின்ஸ், 2015இல் பீட்டர் சகான், 2016இல் ஜூலியன் அலாஃபிலிப், 2018இல் எகன் பெர்னால், 2019இல் இருபது வயதே ஆன தடேய் பொகாச்சர். மறு ஆண்டே பொகாச்சர் டூர் டி பிரான்ஸை வென்றார். ஐரோப்பாவின் எந்த ஒருவாரப் பந்தயத்தோடும் இந்தப் பட்டியலை ஒப்பிடலாம். ஆனால் 2019 அக்டோபரில், அடுத்த ஆண்டு பந்தயம் இல்லை என்று அறிவித்தார்கள்; அதன் பிறகு அது திரும்பவே இல்லை.

இது ஒரு பந்தயத்தின் கதை மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் கொலராடோவில் மது நிறுவனத்தின் பெயரில் நடந்த கூர்ஸ் கிளாசிக் 1988உடன் முடிந்தது. அடுத்து வந்த டூர் டி டிரம்ப் இரண்டு ஆண்டுகளில் டூர் டுபான்ட் ஆகி, 1996இல் அதுவும் நின்றது. ஜார்ஜியாவில் 2003 முதல் 2008 வரை ஒன்று, மிசூரியில் 2007 முதல் 2009 வரை ஒன்று, மறுபடியும் கொலராடோவில் 2011 முதல் 2015 வரை ஒன்று என்று வரிசையாகத் தொடங்கி வரிசையாக மறைந்தன. பிலடெல்பியாவில் மனயங்க் ஏற்றத்தில் பெருங்கூட்டம் திரண்ட ஒருநாள் பந்தயம்கூட, முப்பது ஆண்டுகள் தாண்டியும், 2016க்குப் பிறகு நிறுத்தப்பட்டது.

பெரியப்பா, மாலை 8:03
கூட்டம் வந்தும் ஏன் நிலைக்கவில்லை? பணம்தான் காரணமா?

அண்ணன், மாலை 8:19
பணம்தான், ஆனால் அது வரும் வழியில்தான் சிக்கல் இருக்கிறது. சாலையோரம் நிற்பவரிடம் நுழைவுச்சீட்டு விற்க முடியாது. சாலைகளை அடைப்பதற்கும் காவலர்களுக்கும் ஆகும் செலவோ மிகப் பெரியது. அமெரிக்காவில் இந்தச் சுமையைப் பெரும்பாலும் ஒரே விளம்பரதாரரின் தோளில் ஏற்றினார்கள். அவர் விலகியதும் பந்தயமும் சாய்ந்தது. பிரான்சிலோ, 1903இல் லோட்டோ என்ற நாளிதழ் தன் விற்பனையைப் பெருக்கத் தொடங்கிய பந்தயத்தைத் தங்கள் ஊர் வழியே கொண்டுவர நகராட்சிகளே பணம் கட்டிப் போட்டியிடுகின்றன. மேலும், கலிஃபோர்னியப் பந்தயம் 2010 முதல் மே மாதத்தில் நடந்ததால், அதே நேரத்தில் இத்தாலியில் ஓட்டும் வீரர்கள் வர வழியே இல்லாமல் போயிற்று. இன்று வட அமெரிக்காவில் அந்த உயர்தர வரிசையில் மிஞ்சியிருப்பவை கியூபெக்கும் மாண்ட்ரியாலும், இரண்டும் கனடாவில்.

இதன் விளைவை நான் இங்கே நேரில் பார்க்கிறேன். திறமையுள்ள இளைஞர்கள் பலர் கான்சாஸின் எம்போரியாவில் சரளைக்கல் பாதைகளில் 200 மைல் ஓடும் அன்பவுண்ட் போன்ற பந்தயங்களுக்குப் போய்விடுகிறார்கள். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை, அது கடினமான பந்தயம்தான். ஆனால் சாலைப் பந்தயத்தில் நிலைக்க விரும்புகிறவன் பதினெட்டு வயதில் வீட்டை விட்டு ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். அந்த வசதியும் துணிவும் இல்லாதவர்களை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை.

நான், மாலை 8:31
கிறிஸ்டன் ஃபாக்னர் அப்படித் தாமதமாக வந்தவர்தானே? அலாஸ்காவில் பிறந்து, நியூயார்க்கில் முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே சைக்கிள் ஓட்டக் கற்றவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வேறொருவர் விட்டுக்கொடுத்த இடத்தில்தான் சாலைப் பந்தயத்துக்கே வந்தார். முடிவுக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது முன்னணியில் இருந்தவர்களை விட்டுத் தனியே பாய்ந்து தங்கம் வென்றார். 1984இல் கோனி கார்ப்பென்டர் வென்றதற்குப் பிறகு அந்தப் பந்தயத்தில் அமெரிக்கப் பெண்ணுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

பெரியப்பா, மாலை 8:44
அந்தப் பெண்ணின் வெற்றி உண்மையிலேயே வியக்கத்தக்கது. வீரர்களைப் பொறுத்தவரை உங்கள் கட்சி பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருநாள் பந்தயங்களில் தலையாய ஐந்தையும் எடுத்துக்கொண்டால், ஆண்களில் அமெரிக்கர் வென்றது 2003இல் டைலர் ஹாமில்டன் வென்ற பெல்ஜியத்தின் லியேஜ் பந்தயம் மட்டுமே. அவரும் பிற்பாடு ஊக்கமருந்து பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டவர். பிரான்சின் ரூபே பந்தயத்தில் 2005இல் ஜார்ஜ் ஹின்காபி இரண்டாவதாக வந்ததுதான் உச்சம். அந்த ஐந்தில் ஒன்றான பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில் ஒன்றுமில்லை. தங்கச்சி, நீ அங்கேயே இருக்கிறாய். ஓர் அமெரிக்கர் ஃபிளாண்டர்ஸை வெல்வார் என்று நினைக்கிறாயா?

அத்தை, இரவு 9:02
வெல்லக்கூடியவர் ஜார்கன்சன் என்று நினைக்கிறேன், அண்ணா. 2024இல் ட்வார்ஸ் டோர் ஃபிளாண்டெரன் பந்தயத்தையே தனியாக முன்னேறி வென்றவர் அவர். கல் பாவிய ஏற்றங்கள் அவருக்குப் புதியவை அல்ல. ஆனால் 2022 முதல் 2025 வரை ஃபிளாண்டர்ஸை மாத்யூ வான் டெர் போலும் பொகாச்சரும் இருமுறை இருமுறையாகப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த நான்கு ஆண்டுகளில் இந்த மண்ணில் பிறந்த ஒரு பெல்ஜியரால்கூட வெல்ல முடியவில்லை. அந்த இருவரும் ஓட்டும் காலத்தில் தோற்பதை அமெரிக்கர்களின் குறையாக மட்டும் எண்ணுவது நியாயமாகாது.