கிளாட் மார்ட்டின் உயில்: 36 வருஷத் தாமதத்துக்கு யார் பொறுப்பு?

கல்வெட்டுக்காரன்
லியோன், கல்கத்தா, லக்னோ மூன்று ஊரிலும் லா மார்ட்டினியர் என்ற பெயரில் பள்ளிகள் உண்டு. பணம் ஒரே ஆளுடையது. கிளாட் மார்ட்டின் 1735-ல் லியோனில் பிறந்த பிரெஞ்சுக்காரர். 1760-ல் ஆங்கிலேயப் படை புதுச்சேரியை நெருக்கிக்கொண்டிருந்தபோது பிரெஞ்சுப் படையை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போனவர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, அவத் நவாபின் ஆயுதசாலைக் கண்காணிப்பாளர், நடுவில் அவுரி வியாபாரம், வட்டித்தொழில். கடைசியில் மேஜர் ஜெனரல். இந்தப் பள்ளிகளுக்குப் பணம் வைத்து உயில் எழுதியது 1800 ஜனவரி 1. இறந்தது அதே வருஷம் செப்டம்பர் 13. கல்கத்தா பள்ளி திறந்தது 1836 மார்ச் 1. லக்னோ பள்ளி 1845 அக்டோபர் 1.

என் கட்சி இதுதான்: கம்பெனியும் கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டும் சேர்ந்து ஒரு அயல்நாட்டான் சொத்தை ஊறப்போட்டு அனுபவித்தார்கள். சட்டச் சிக்கல் என்பதெல்லாம் பின்னால் சொன்ன சாக்கு.

சட்டப்புளி
ஐயா, 'ஊறப்போட்டார்கள்' என்று ஒரு வார்த்தையில் முடித்தால் எப்படி? அந்தக் காலத்தில் ஒரு எஸ்டேட்டை, அதாவது இறந்தவர் விட்டுப்போன சொத்தைக் கையாள்வது எப்படி நடந்தது என்று பாருங்கள். முதலில் உயிலுக்குப் புரோபேட், அதாவது அது செல்லும் என்று கோர்ட் தரும் சான்று. அடுத்து அசையும் பொருள்களுக்குப் பட்டியல், ஏலம். வரவேண்டிய கடனை வசூலிக்க வேண்டும், கொடுக்கவேண்டிய கடனைத் தீர்க்க வேண்டும். மிச்சத்தைக் கம்பெனியின் கடன் பத்திரத்தில் போட்டுக் கோர்ட்டில் கணக்குக் காட்ட வேண்டும். மார்ட்டின் விஷயத்தில் இதில் பாதி வேலை லக்னோவில். லக்னோ 1856 வரை அவத் ராஜ்யம். கல்கத்தா கோர்ட்டின் சம்மன் அங்கே வெறும் காகிதம். கடன் வாங்கிய தர்பார்க்காரன் கைவிரித்தால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

மார்ட்டின் கட்டிய கான்ஸ்டான்ஷியா மாளிகையும் அங்கேதான் இருக்கிறது. தன்னை அதன் நிலவறையிலேயே புதைக்கச் சொன்னதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது, சமாதி இருக்கும் கட்டடத்தில் நவாப் கைவைக்கமாட்டார் என்ற கணக்கு. தன் சொத்து எந்தச் சட்டத்தின் நிழலில் நிற்கிறது என்பது அவருக்கே நிச்சயமில்லை என்றுதானே அர்த்தம்?

கல்வெட்டுக்காரன்
லக்னோவைச் சொல்லிக் கல்கத்தாவை மறைக்காதீர்கள். கல்கத்தா பள்ளிக்கான பணம் தனி ஒதுக்கீடு. நிலம் கல்கத்தா, ஆள் கல்கத்தா, கோர்ட் கல்கத்தா. அதற்கு ஏன் 36 வருஷம்?

இன்னொன்று, உயிலை நிறைவேற்றும் எக்ஸிகியூட்டர்களுக்கு அந்தக் காலக் கல்கத்தா வழக்கப்படி 5 சதவீதம் கமிஷன் உண்டு. வக்கீல் செலவும் எஸ்டேட்டிலிருந்துதான். வழக்கை முடிக்க யாருக்கு அவசரம்?

மீதிச்சொத்து
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ரெண்டு பேரும் போரை மறந்துவிட்டீர்கள். 1793 முதல் பிரான்சும் பிரிட்டனும் போரில் இருக்கின்றன. 1802-ல் சமாதானம், 1803-ல் மறுபடி போர், ஓய்ந்தது 1815-ல். உயிலில் ஒரு பெரும் பயனாளி லியோன் நகரம், அதாவது எதிரி நாட்டு ஊர். போர் நடக்கும்போது எதிரி ஊருக்குப் பணம் அனுப்ப எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாது. லியோன் பங்கு நின்றதற்கு இது போதாதா? அங்கேயும் பாடம் நடக்க ஆரம்பித்தது 1826-ல்தான்.

கல்வெட்டுக்காரன்
லியோனுக்குச் சரி. கல்கத்தாவில் சௌரங்கிப் பக்கம் படிக்கப்போகிற பையனுக்கும் நெப்போலியனுக்கும் என்ன சம்பந்தம்?

சட்டப்புளி
சம்பந்தம் இல்லைதான். ஆனால் உயிலையே பாருங்கள். கல்கத்தா பள்ளிக்குத் தொகை ஒதுக்கிவிட்டு, அதை எப்படி அமைப்பது என்பதை அரசாங்கமோ சுப்ரீம் கோர்ட்டோ பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். நினைவுநாள் விருந்தில் ஸ்தாபகர் பெயரைச் சொல்லிக் கோப்பை உயர்த்துவது வரைக்கும் விவரம் இருக்கிறது. பள்ளிக்குப் பொறுப்பாளர் யார், யார் படிக்கலாம், எந்த மதத்தைச் சொல்லித்தருவது, ஒன்றும் இல்லை. அறக்கட்டளைக்குத் திட்டம் இல்லையென்றால் கோர்ட் திட்டம் வகுக்க வேண்டும். அதற்கு மாஸ்டர் என்ற கோர்ட் அதிகாரி விசாரித்து அறிக்கை தரவேண்டும், அறிக்கைக்கு ஆட்சேபம் வரும், அது மறுபடி விசாரணைக்குப் போகும். வேலைக்கு ஆள் வைத்துவிட்டு என்ன வேலை என்று சொல்லாமல் போன முதலாளி மாதிரிதான்.

அதைவிடப் பெரிய முடிச்சு ரெண்டு. ஒன்று, இங்கிலீஷ் சட்டப்படி அயல்நாட்டான் நிலம் வாங்கலாம், ஆனால் அது அவனுக்கு நிற்காது. அரசர் எடுத்துக்கொள்ளலாம், வாரிசுக்கோ உயில் வழியாகவோ போகாது. மார்ட்டின் கடைசிவரை பிரெஞ்சுக்காரர்தான். ரெண்டு, 1736-ம் வருஷத்து மார்ட்மெயின் சட்டம். தர்மத்துக்கு நிலம் கொடுப்பதானால் ரெண்டு சாட்சி முன்னால் பத்திரம் எழுதி, சாவதற்கு 12 மாசம் முன்பே கையெழுத்தாகி, 6 மாசத்துக்குள் சான்சரி கோர்ட்டில் பதிவாகியிருக்க வேண்டும். மார்ட்டின் எழுதியது பத்திரம் அல்ல, உயில். எழுதி ஒன்பதாவது மாசம் இறந்துவிட்டார். இந்தச் சட்டம் கல்கத்தாவில் செல்லும் என்றால் நிலம் பற்றிய தர்மம் மொத்தமும் செல்லாது.

கல்வெட்டுக்காரன்
அதைத்தான் நானும் சொல்கிறேன். ரெண்டுமே கல்கத்தாவில் செல்லாது என்று லண்டனில் மேல் அப்பீல் கேட்கும் பிரிவி கவுன்சில் தீர்த்துவிட்டதே. லியோன் மேயர் கிழக்கிந்தியக் கம்பெனிமேல் போட்ட வழக்கு, 1836, தீர்ப்பு வாசித்தவர் பிரௌம் பிரபு. இல்லாத தடையை இருப்பதாகச் சொல்லித்தானே இத்தனை வருஷம் ஓட்டினார்கள்?

சட்டப்புளி
1836-ல் தெளிவானது 1806-லும் தெளிவாக இருந்தது என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அங்கேதான் நமக்குள் தகராறு. அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தைப் பாருங்கள்: கல்கத்தாவுக்கு இங்கிலீஷ் சட்டம் வந்தது உண்மை, ஆனால் முழுசாக வரவில்லை. அயல்நாட்டான் நிலம் வைக்கக்கூடாது என்ற பகுதி அரசரின் இறையாண்மையோடு ஒட்டியது. கம்பெனி இங்கே முகலாயர் அனுமதியில் கடை போட்டவர்கள். அரசருக்குத்தான் இறையாண்மை என்று பாராளுமன்றம் வெளிப்படையாகச் சொன்னது 1813 சாசனச் சட்டத்தில். அதாவது மார்ட்டின் செத்துப் பதின்மூன்று வருஷம் கழித்து. இந்தக் கேள்விக்கு யாரும் அதற்குமுன் விடை சொன்னதில்லை. கல்கத்தா நீதிபதி தன் இஷ்டத்துக்கு விடை சொல்லி நிலத்தைக் கொடுத்திருந்தால், நாளைக்கே அப்பீலில் பிடுங்கியிருப்பார்கள்.

மீதிச்சொத்து
தொகையைப் பற்றி ஒன்று. கல்கத்தா எஸ்டேட்களைப் படிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு, ரூபாய் எல்லாம் ஒரே ரூபாய் என்று கூட்டுவது. உயில் எழுதியது சிக்கா ரூபாய் என்ற பழைய நாணயத்தின் காலத்தில். 1835-ல் கம்பெனி ரூபாய் வந்தது, எடை 180 கிரெய்ன். மாற்றுக் கணக்கு 15 சிக்காவுக்கு 16 கம்பெனி ரூபாய். 1 லட்சம் சிக்கா என்றால் 1,06,667 கம்பெனி ரூபாய். 1835-க்கு முன்னும் பின்னும் உள்ள கணக்கை அப்படியே ஒப்பிட்டு 'பணம் ஆறேழு சதவீதம் வளர்ந்தது' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வளர்ந்தது இல்லை, காசு மாறியது.

நிஜமாக வளர்ந்தது பத்திர வட்டியால். தாமதத்தால் கல்கத்தா நிதி பெருத்தது என்பதையும் கல்வெட்டுக்காரர் கணக்கில் சேர்க்க வேண்டும். 1830-ல் பாமர் அண்ட் கோ என்ற கல்கத்தா வியாபார நிறுவனம் விழுந்து, அடுத்தடுத்து அதைப்போன்ற ஏஜென்சி ஹவுஸ்கள் சரிந்தபோது அவற்றிடம் பணம் போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கம்பெனிப் பத்திரத்தில் கிடந்த பணம் தப்பியது.

கல்வெட்டுக்காரன்
பணம் தப்பியது, ஒரு தலைமுறைப் பையன்கள் தப்பவில்லை. நிதி பெருத்தது என்பது தர்மத்தை நிறைவேற்றியதாகாது.

சரி, 1836-லாவது முடிந்ததா? கல்கத்தா சிறையில் கடனுக்காகக் கிடக்கும் ஏழைகளை விடுவிக்க ஒரு தொகை வைத்திருந்தார். காலப்போக்கில் அப்படிப்பட்ட கைதிகள் குறைந்து பணம் மிஞ்சியது. ஒதுக்கியதுபோக மிஞ்சும் மீதிச் சொத்து எங்களுக்கு என்று லியோன் மேயர் மறுபடி வந்தார். பிரிவி கவுன்சில் 1876-ல் மறுத்து, அந்தப் பணம் கல்கத்தா லா மார்ட்டினியருக்கே என்றது. உயில்காரர் செத்து 76 வருஷம்!

சட்டப்புளி
அந்த வழக்கு என் கட்சிக்குத்தான் சாட்சி. அதில் யாரும் இழுத்தடிக்கவில்லை. உயில் நினைத்த நோக்கம் தீர்ந்துபோனால் பணம் அதற்கு நெருங்கிய நோக்கத்துக்குப் போகுமா, மீதிச் சொத்தோடு சேருமா என்ற கேள்வி அந்தச் சூழ்நிலை வந்தபிறகுதான் எழ முடியும்.

கல்வெட்டுக்காரன்
1876-ஐ விட்டுக்கொடுக்கிறேன். லக்னோவையும் விட்டுக்கொடுக்கிறேன், அவத் எல்லைக்குள் கோர்ட்டால் ஒன்றும் செய்திருக்க முடியாது. கல்கத்தாவில் நிலத் தகராறு தீரும்வரை ரொக்கத்தை வைத்து வாடகைக் கட்டடத்தில் பள்ளியைத் தொடங்கியிருக்கலாமா, கூடாதா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

சட்டப்புளி
திட்டம் வகுத்திருந்தால் தொடங்கியிருக்கலாம். அதில் கோர்ட் சுணங்கியது, அதை மறுக்கமாட்டேன்.