ஜான் பிரவுனின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி தாக்குதல் எங்கே சறுக்கியது?

கேள்வி:
அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழிக்கப் போராடிய ஜான் பிரவுன், அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்துக் கிளர்ச்சி மூட்ட, 1859 அக்டோபர் 16 இரவு 18 பேரோடு (மூவரைப் பின்னால் காவலுக்கு விட்டு) வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்குள் புகுந்து, அரசின் ஆயுதக் கிடங்கைச் சுலபமாகப் பிடித்துவிட்டார். உள்ளே கிட்டத்தட்ட ஒரு லட்சம் துப்பாக்கிகள். 18ஆம் தேதி காலையில் கதை முடிந்தது. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டாரா, இல்லை திட்டமே ஓட்டையா?

பதில் 1:
வரைபடத்தைப் பாருங்கள். பொட்டோமாக், ஷெனன்டோவா ஆறுகள் கூடும் முனையில் ஊர், பின்னால் மலை. பாலங்களை அடைத்தால் தீர்ந்தது. அடிமையாக இருந்து தப்பி, அடிமைமுறை எதிர்ப்புத் தலைவரான ஃபிரடெரிக் டக்ளஸ் ஆகஸ்டிலேயே, சேம்பர்ஸ்பர்க் கல்குவாரியில் சந்தித்தபோது, இது எஃகுப் பொறி என்று எச்சரித்தார்.

அதைவிடப் பெரிய கோளாறு ரயில். நள்ளிரவு தாண்டி வந்த பால்டிமோர் ரயிலைத் தடுத்து வைத்து, விடிந்ததும் போக விட்டார். தந்திக் கம்பியை அறுத்து என்ன புண்ணியம்? வழியில் இருந்த ஸ்டேஷனிலிருந்து தந்தி பறந்தது. திங்கள் (17ஆம் தேதி) நண்பகலில் சார்ல்ஸ் டவுன் ஊர்ப்படை பொட்டோமாக் பாலத்தை மடக்கியது. தாக்குதலில் முதலில் இறந்தவரே ஹேவர்ட் ஷெப்பர்ட் என்ற ரயில் நிலைய ஊழியர். அவர் அடிமையல்லாத கறுப்பினத்தவர்.

பதில் 2:
ஈட்டிகளை விட்டுவிட்டீர்களே. கான்சாஸில் அடிமைமுறை ஆதரவாளர்களோடு நடந்த சண்டையில் எதிரியிடம் பறித்த கத்தியை மாதிரியாகக் கொடுத்து, கனெக்டிகட் கொல்லரிடம் ஒன்று ஒரு டாலருக்குச் செய்யச் சொன்னார். வந்து சேர்ந்தவை 950. சுடப் பழகாதவர்களும் உடனே ஏந்தலாம், தோட்டா தேவையில்லை என்பது கணக்கு. ஆனால் ரகசியம் கசியக்கூடாதென்று சுற்றுவட்டார அடிமைகளுக்கு முன்கூட்டியே ஆள் விட்டுச் சொல்லவில்லை. யார் வந்து ஏந்துவார்கள்?

பதில் 3:
‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்பது பாதிதான் சரி. எல்லாம் கடவுளின் சித்தம் என்று நம்பும் கால்வினியக் கிறிஸ்தவ நம்பிக்கையில் வளர்ந்தவர். “இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது” (எபிரெயர் 9:22) அவர் வாயில் அடிக்கடி வரும் வசனம். 1856 மே மாதம் கான்சாஸின் பொட்டவாட்டமியில் அடிமைமுறை ஆதரவாளர் ஐவரை வீட்டிலிருந்து இழுத்து வந்து வாளால் வெட்டியது அவருடைய குழுதான். ஆனால் ரயிலை விட்டதற்கு, பிடிபட்ட பின் அவரே சொன்ன காரணம் வேறு: பயணிகளின் குடும்பங்கள் தவிக்கக்கூடாது, தாங்கள் கொளுத்தவும் கொல்லவும் வந்தவர்கள் என்று யாரும் நினைக்கக்கூடாது. அங்கே அவரைக் கவிழ்த்தது இரக்கம். வெறி என்று மட்டும் எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பதில் 1 (மீண்டும்):
ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் திங்கள் காலையிலேயே மலைக்கு ஏறியிருக்கலாம். பிணைக்கைதிகளோடு தீயணைப்பு வண்டிக் கொட்டகையில் உட்கார்ந்தது மன்னிக்க முடியாத தப்பு. அரசு அனுப்பிய ராணுவ அதிகாரி ராபர்ட் லீயின் கீழிருந்த மரைன் வீரர்கள் சுத்தியலால் கதவை உடைக்கப் பார்த்தார்கள், அசையவில்லை. கனமான ஏணியால் இடித்ததும் பிளந்தது. உள்ளே சண்டை சில நிமிடம்தான். பிரவுனோடு சேர்த்து மொத்தம் 22 பேரில் 10 பேர் தாக்குதலில் மாண்டார்கள், 7 பேர் தூக்கில், தப்பியது 5 பேர்.