1970களின் பெஜோ சைக்கிளுக்கு ஏற்ற பழைய பாட்டில் ஹோல்டரைப் புதுச்சேரியில் எங்கே தேடுவது?

முத்தியால்பேட்டைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிரெஞ்சு இராணுவத்தில் சொல்தாவாக (படைவீரராக) இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா, 1970களின் தொடக்கத்தில் பிரான்சிலிருந்து கொண்டுவந்த பெஜோ பந்தய சைக்கிளை அவருடைய பிள்ளைகள் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் மாடிப்படிக்கு அடியில் சாத்தியே கிடந்திருந்தாலும் மாஃபாக் ரேசர் பிரேக்குகள், சிம்ப்ளெக்ஸ் கியர் மாற்றிகள், காட்டர் பின் போட்ட கிராங்க் ஆகியவை அசலாகவே இருக்கின்றன. புதுப் பெயிண்ட் அடிக்காமல், இருக்கும் பெயிண்டையும் ஸ்டிக்கர்களையும் காப்பாற்றி, ஓட்டக்கூடிய நிலைக்கு வண்டியைக் கொண்டுவர வேண்டும் என்பதே என் விருப்பம்.

வேலை ஓரளவுக்கு முடிந்துவிட்ட நிலையில், இல்லாமற்போன பொருள் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வீட்டிலுள்ள பழைய புகைப்படம் ஒன்றில் இந்த வண்டியின் கீழ்க்குழாயில் பளபளப்பான கம்பியால் ஆன பாட்டில் ஹோல்டர் தெரிகிறது. இப்போது அது இல்லை. அது இறுக்கப்பட்டிருந்த இடத்தில் பட்டை அழுத்திய தடம் மட்டும் பெயிண்டில் தெரிகிறது. ஃபிரேமில் ஹோல்டருக்கான திருகுத் துளைகள் எவையும் இல்லை. இங்குள்ள கடைகளில் கிடைப்பவை எல்லாம் இரண்டு துளையுள்ள பிளாஸ்டிக் அல்லது கறுப்பு அலுமினிய ஹோல்டர்களே. ஒரு கடையில், குழாயைத் துளைத்து, திருகு ஏறுவதற்கான புரி உள்ள ரிவெட் நட் அடித்துக் கொடுத்துவிடலாம் என்றார்கள். மனம் ஒப்பாமல் வண்டியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

இந்தக் காலத்து வண்டிக்கு எந்த ஹோல்டர் பொருந்தும், அதை எங்கே தேடுவது, கிடைக்காவிட்டால் தோற்றம் கெடாமல் என்ன செய்யலாம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை பழைய சைக்கிள் எழுதியது:

வணக்கம் தம்பி. முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: எந்தக் காரணம் கொண்டும் அந்தக் குழாயைத் துளைக்க விடாதீர்கள். எம் 5 ரிவெட் நட்டுக்கு ஏறத்தாழ 7 மி.மீ. துளை வேண்டும். பந்தய சைக்கிளின் குழாய் நம் ஊர் ரோட்ஸ்டர் சைக்கிளின் குழாயைவிட மெல்லியது. அதிலும் ஃபிரேம் ரெனால்ட்ஸ் 531 போன்ற உயர்தரக் குழாயால் ஆனதாக இருந்தால், முனைகளில் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருக்கும். ஹோல்டர் வரும் இடமோ அந்த மெல்லிய நடுப்பகுதிதான். ஐம்பது ஆண்டுகள் துளையில்லாமல் வந்த ஃபிரேமில் துளை போட்டால், அதன் வழியே நம் கடற்காற்றின் ஈரமும் உப்பும் குழாய்க்குள் இறங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கத் தொடங்கும். துளைத்ததை ஒருபோதும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது; பட்டை போட்டு இறுக்கியதை எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம்.

உங்கள் புகைப்படத்தில் உள்ளது பெரும்பாலும் டி.ஏ. ஹோல்டராகவே இருக்கும் என்று நினைக்கிறேன். 1947 இல் தொடங்கப்பட்ட ஸ்பெசியாலித்தே டி.ஏ. என்ற பிரெஞ்சு நிறுவனம் கிராங்க், பற்சக்கரம் ஆகியவற்றோடு முலாம் பூசிய எஃகுக் கம்பி ஹோல்டர்களையும் செய்துவந்தது. அந்தக் காலத்துப் பிரெஞ்சு வண்டிகளில் அதிகமாகக் காணப்படுபவை அவைதாம். கீழ்க்குழாயில் பட்டை போட்டு இறுக்கும் வகையும் உண்டு, ஹேண்டில்பாரில் பொருத்தும் வகையும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பந்தயப் படங்களைப் பார்த்தால், ஹேண்டில்பாரின் முன்னால் தக்கை அடைத்த இரண்டு அலுமினியக் குப்பிகள் இருப்பதைக் காணலாம். பிறகுதான் பாட்டில் மெல்ல மெல்லக் கீழ்க்குழாய்க்கு இறங்கியது. ஃபிரேமிலேயே திருகுப் புரி வைப்பது பரவலானது 1970களின் பிற்பகுதிக்குப் பிறகுதான். ஆகவே உங்கள் வண்டியில் துளை இல்லாதது குறையன்று. அதன் வயதுக்கு அதுவே பொருத்தம். இருக்கைக் குழாயில் இரண்டாவது ஹோல்டர் வைக்கும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள். அந்த ஆண்டுகளின் வண்டியில் அது ஒட்டாது.

இத்தாலியத் தயாரிப்பான ரெக் போன்றவை அழகானவைதாம். ஆனால் பிரெஞ்சுத் தயாரிப்புகளான மாஃபாக்கும் சிம்ப்ளெக்ஸும் இருக்கும் வண்டியில் பிரெஞ்சுப் பொருளே இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். இத்தாலியில் ஆண்டுதோறும் நடக்கும் லெரோய்க்கா என்ற பழைய சைக்கிள் ஓட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1997 இல் தொடங்கிய அந்த ஓட்டத்தில் 1987க்கு முந்தைய வண்டிகளுக்கே முதலிடம். அங்கே எடுக்கப்பட்ட படங்களை நிதானமாகப் பாருங்கள். எந்த வண்டியில் எந்த ஹோல்டர், பட்டையை எந்த உயரத்தில் இறுக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரு பாடப்புத்தகத்தைப் படிப்பதுபோல் விளங்கும்.

வாங்கும்போது பட்டையும் அதன் திருகும் கூடவே வருகின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். கம்பிக் கூடு தனியாகக் கிடைத்துவிடும், பட்டைதான் தொலைந்திருக்கும். பிரெஞ்சு வண்டிகளின் கீழ்க்குழாய் பெரும்பாலும் 28 மி.மீ. விட்டம் கொண்டது, ஆங்கிலேய, இத்தாலிய வண்டிகளில் 28.6 மி.மீ. அந்த அளவுக்குச் செய்த பட்டை உங்கள் குழாயில் சற்றே தளரும். உள்ளே மெல்லிய தோல் வார் ஒன்றைச் சுற்றிவிட்டால் பிடியும் கிடைக்கும், பெயிண்டும் சிராய்க்காது. ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால், மழைக்காலம் முடிந்ததும் கழற்றித் துடைத்து, மெழுகு தடவி மாட்டுங்கள்.

வில்லியனூர் மகள், லியோன் எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் பிறந்தது வில்லியனூர், இப்போது வசிப்பது லியோனில். தேடும் இடம் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இங்கே கோடைக்காலத்தில் ஊர்தோறும் வீத்-கிரெனியே என்ற பெயரில் பரண் பொருள்களை விற்கும் தெருச்சந்தைகள் நடக்கும். நம் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பொருள் பரப்பியிருப்பார்களே, அதே வகைதான். விற்பவர்கள் மட்டும் வீட்டுக்காரர்கள். பழைய சைக்கிள் உதிரிகளைக் கொட்டிவைத்திருக்கும் பெட்டிகளில் ஹோல்டர்கள் அடிக்கடி கண்ணில் படும். இணையத்தில் தேடுவதானால் பழைய பொருள் விற்கும் லெ-பொன்-குவான் தளத்தைப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லில் தேடினால் ஒன்றும் வராது. போர்த்-பிதோன் (பாட்டில் ஹோல்டர்) என்பதோடு டி.ஏ. என்ற பெயரையும் சேர்த்துப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். வீட்டில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர்கள் இருந்தால் எழுதித் தருவார்கள். விற்பவர்களில் பலர் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். ஆகவே இங்குள்ள உறவினர் ஒருவரின் முகவரிக்கு வாங்கச் செய்து, ஊருக்கு வருபவரின் பெட்டியில் கொடுத்தனுப்புவதே சுலபம். கையளவுப் பொருள்தான், புதுச்சேரியில் பிரான்சு உறவு இல்லாத தெரு எது? அஞ்சலில் வரவழைத்தால் சுங்க வரியும் காத்திருப்பும் சேர்ந்துகொள்ளும்.

விளம்பரப் படத்தில் மூன்றைக் கவனியுங்கள். ஹோல்டரில் டி.ஏ. முத்திரை தெளிவாக இருக்க வேண்டும். கம்பிகள் ஒட்டும் இடங்களில் விரிசல் இருக்கக் கூடாது. பாட்டில் உரசும் இடத்தில் முலாம் தேய்ந்திருக்க வேண்டும். தேய்மானமே இல்லாமல் பழையது என்று சொல்லி அதிக விலை கேட்டால் கூடுதல் படங்கள் கேளுங்கள். அதோடு கிடைக்கும் பழைய பிளாஸ்டிக் பாட்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அண்ணா. நாள்பட்ட பிளாஸ்டிக்கின் உள்ளே பிடித்த பூஞ்சணமும் வாடையும் போகாது. குடிப்பதற்குப் புதிய வெள்ளை பாட்டில் ஒன்றே போதும்.

கடலூர் ஓ.டி. பட்டறை எழுதியது:

வணக்கம். மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் அசல் கிடைக்கும்வரை வண்டி காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஊரிலேயே செய்துகொள்ளலாம் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். நான் எஸ்.எஸ். கைப்பிடி, கிரில் வேலை செய்பவன்.

இதற்கு எஸ்.எஸ். 304 கிரேடில் 5 மி.மீ. உருண்டைக் கம்பி போதும். துறைமுகத்தை ஒட்டி இருப்பவர்கள் 316 கிரேடு கேட்டு வாங்கினால் உப்புக் காற்றுக்கு இன்னும் நன்றாகத் தாங்கும். இன்றைய சைக்கிள் பாட்டிலின் விட்டம் ஏறத்தாழ 74 மி.மீ. எஸ்.எஸ். கம்பி வளைத்துவிட்டதும் சற்றே மீண்டு விரியும் குணமுடையது என்பதால், அதைவிடச் சிறிய குழாய்த் துண்டு ஒன்றை வைஸில் பிடித்து அதன்மேல் வளைத்தால்தான் சரியான அளவில் வந்து நிற்கும். சிறு துண்டு ஒன்றில் வளைத்துப் பார்த்துவிட்டு முழுக் கம்பியில் கை வையுங்கள். இணைப்புகளை ஆர்கான் வெல்டிங்கில், 308 எல் ஃபில்லர் கம்பி கொண்டு வைக்கச் சொல்லுங்கள். சாதாரண ஆர்க் வெல்டிங் வைத்தால் இவ்வளவு மெல்லிய கம்பியில் கட்டி கட்டியாக நிற்கும், பார்க்கவும் நன்றாக இராது. கடைசியில் பஃபிங் போட்டால் பழைய முலாம் பூசியதன் பளபளப்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். அசலில் இருந்தது குரோம் என்பதற்காக இரும்புக் கம்பியில் செய்து முலாம் பூச வேண்டாம். அடியில் நிக்கல் சரியாக ஏறாத குரோம், கடலோரத்தில் புள்ளி புள்ளியாகத் துருவெடுத்துவிடும்.

பட்டைக்கு 1 மி.மீ. எஸ்.எஸ். தகட்டில் 12 மி.மீ. அகலத்துக்குக் கீற்று வெட்டி, 28 மி.மீ. குழாயைச் சுற்றி வளைத்து, காதுகளில் எம் 5 திருகு போட்டுவிடலாம். ஹோஸ் கிளிப்பும் வேலை செய்யும். ஆனால் அதன் பல்லும் திருகுத் தலையும் பெயிண்டைத் தின்றுவிடும், தோற்றமும் கெடும்.

கடையில் கிடைக்கும் இரண்டு துளை எஸ்.எஸ். ஹோல்டரையே பட்டையில் மாட்டுவது இன்னொரு வழி. அவற்றின் துளைகளுக்கு இடையே 64 மி.மீ. இருக்கும், பட்டைகளையும் அதே இடைவெளியில் வைக்க வேண்டும். இத்தாலிய எலைட் நிறுவனத்தின் சியூசி வகையும், ஜப்பானின் நிட்டோ கம்பி ஹோல்டர்களும் பழைய வண்டியில் உறுத்தாத வடிவம் கொண்டவை. அலுமினியம் வாங்கினால் அது பாட்டிலில் கறுப்புக் கறை ஏற்றும். எஃகுத் திருகோடு சேர்ந்து கடற்காற்றில் அரிக்கவும் செய்யும். திருகுக்குக் கிரீஸ் தடவாமல் மாட்டாதீர்கள்.

முத்தியால்பேட்டைக்காரன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. துளைக்கும் பேச்சை இத்தோடு விட்டுவிட்டேன். குழாயை வெர்னியரில் அளந்தேன், 28 மி.மீ. தான். பாரிசில் உள்ள அத்தை மகனிடம் டி.ஏ. ஹோல்டரைத் தேடச் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை ஓட்டுவதற்காகக் கடலூர் அண்ணன் சொன்னபடி எஸ்.எஸ். கம்பியில் ஒன்று செய்ய எண்ணுகிறேன்.

ஓர் ஐயம் மட்டும் மீதி இருக்கிறது. கியர் லீவர்கள் கீழ்க்குழாயிலேயே, அவற்றுக்கான பட்டையில் இருக்கின்றன. அங்கிருந்து கேபிள்கள் உறையில்லாமல் குழாயை ஒட்டியே கீழே இறங்குகின்றன. ஹோல்டரின் பட்டை அவற்றை அழுத்தாதா?

லாஸ்பேட்டை பழைய சைக்கிள் எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. பட்டை எப்போதும் கேபிளுக்கு அடியில், குழாயோடு ஒட்டித்தான் போக வேண்டும். கேபிள் பட்டைக்கு மேலாகத் தடையின்றி ஓட வேண்டும். முதலில் இரண்டு கேபிள்களையும் தளர்த்திவிட்டு, பட்டையை மாட்டி, பிறகு கேபிளை இழுத்துக் கட்டுங்கள். பட்டையின் காதுகளும் திருகும் குழாயின் மேற்பக்கம், பாட்டில் அமரும் திசையில் வரவேண்டும்; பக்கவாட்டில் வந்தால் கேபிளில் இடிக்கும். கியரை எல்லாப் பற்களிலும் ஏற்றி இறக்கி, கேபிள் பட்டையில் உரசும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். உரசினால் பட்டையின் விளிம்பை அரத்தால் மழுக்கிவிடுங்கள். கூரான விளிம்பு கேபிளின் இழைகளை ஒவ்வொன்றாக அறுத்துவிடும்.

உயரத்தைப் பொறுத்தவரை, பாட்டிலை வைத்தபடியே லீவர்களை முழுவதுமாக முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். பாட்டிலின் கழுத்துக்கும் லீவருக்கும் நடுவே விரல்கள் தாராளமாகப் போகும் இடம் வேண்டும். பாட்டிலை உருவும்போது மேலே பார் கம்பியில் இடிக்கக் கூடாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயிண்டில் பழைய பட்டையின் தடம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள் அல்லவா? கேபிளும் லீவரும் இடம் கொடுத்தால் அந்தத் தடத்தின் மேலேயே இறுக்குங்கள். உங்கள் பெரியப்பா வைத்திருந்த உயரம் அதுதான். பெயிண்டில் புதிய தழும்பும் விழாது.

கடலூர்த் தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: இவருக்குச் செய்யும்போது பட்டையை மட்டும் கூடுதலாக இரண்டு செட் வளைத்துவையுங்கள். என்னிடம் பட்டையில்லாத டி.ஏ. கூடு ஒன்று இருக்கிறது. கூலியைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

கடலூர் ஓ.டி. பட்டறை எழுதியது:

செய்து வைக்கிறேன், ஐயா. உங்கள் கூட்டின் அடிப்பக்கத்தில் பட்டை மாட்டும் இடத்தை அளவுகோல் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். முத்தியால்பேட்டை அண்ணன் வரும்போது பாட்டிலையும் கையோடு எடுத்து வாருங்கள். அதை வைத்துப் பார்த்தே கம்பியை வளைப்போம்.